விரல் காட்டும் புள்ளியும் கேமரா தேடும் புள்ளியும்

கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் விரல்கள் மணப்பெண்ணின் பின்கழுத்தில் முதல் முடிச்சைப் போடுகின்றன. அட்சதை பறக்கிறது. நாலா பக்கமும் கைபேசிகள் உயர்ந்திருக்கின்றன. இந்தச் சில வினாடிகளில் எடுக்கும் படத்தில் எது கூர்மையாக விழ வேண்டும்? முடிச்சிடும் விரல்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேமராவுக்கு அது தெரியாது. கண்ணெதிரே பறக்கும் அரிசியையும் சுற்றி நிற்கும் முகங்களையும்தான் அது பார்க்கிறது.

ஆட்டோஃபோகஸ் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிங்கிள் பாயிண்ட்: ஒரே ஒரு சிறு கட்டத்தை ஜாய்ஸ்டிக்காலோ தொடுதிரையாலோ நாமே நகர்த்தி, வேண்டிய இடத்தில் வைப்பது. மற்றது, ஆட்டோ ஏரியா: பிரேம் முழுவதையும் கேமராவிடம் கொடுத்துவிட்டு, எதைப் பிடிப்பது என்பதை அதுவே தீர்மானிக்க விடுவது. எந்த வழி சிறந்தது என்று படம் எடுப்பவர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். இரண்டும் எங்கே வெல்கின்றன, எங்கே தோற்கின்றன என்று அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பதில் தெளிவாகும்.

கேள்வி பிறந்த கதை

1985இல் மினோல்டா 7000 வந்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை. ஆட்டோஃபோகஸை கேமராவின் உடலுக்குள்ளேயே வைத்துப் பரவலாக்கிய அந்தக் கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் இடம் ஒன்றுதான், அதுவும் நடுவில். ஆள் ஓரத்தில் இருந்தால், முதலில் அவரை நடுவுக்குக் கொண்டுவந்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி பிரேமைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் பலர் கையில் இருக்கிறது.

பிறகு புள்ளிகள் பெருகின. கேனன் 5டி மார்க் 2இல் (2008) 9 புள்ளிகள். அதற்கு ஓராண்டு முன்பே வந்த நிக்கான் டி300இல் 51. கேனன் 5டி மார்க் 3இல் (2012) 61. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவான சோனி ஏ9இல் (2017) 693. தேர்ந்தெடுக்க இத்தனை இடங்கள் வந்த பிறகுதான் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வி கனத்தது.

இரண்டுக்கும் தெரிந்தது என்ன?

உள்ளே கண்ணாடி கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோ ஏரியாவுக்குப் பெரும்பாலும் ஒரே விதிதான்: புள்ளிகளின் கீழ் வருவதில் கிட்டே இருப்பதையும் ஒளி, நிழல் வேறுபாடு தெளிவாக இருப்பதையும் பிடி. தனியாக நிற்கும் ஒருவரைப் படம் எடுக்க இது போதும். கூட்டத்தில் போதாது. ஆளுக்கு முன்னால் நீளும் கை, மேசைமேல் இருக்கும் பூச்செண்டு, ஜன்னல் கம்பி என்று கிட்டே இருப்பதையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் வெகுதூரம் வந்துவிட்டன. ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட அவற்றின் மென்பொருள் முகம், கண், பறவை, வாகனம் என்று இனம் காண்கிறது. பக்கவாட்டில் திரும்பிய முகத்திலும் இமையோரத்தைத் தேடிப் பிடிக்கிறது. இது பெரிய பேறு. ஆனாலும் அதற்குத் தெரிவது ‘இது ஒரு கண்’ என்பது மட்டும்தான். இருபது முகங்கள் இருக்கும் பிரேமில் யாருடைய கண் இந்தப் படத்தின் உயிர் என்பது அதற்குத் தெரியாது. தாலி முடிச்சில் இருக்கும் விரல்களை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் பெரியப்பாவின் முகத்துக்கு அது தாவினால் அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

சிங்கிள் பாயிண்டுக்கு எதையும் இனம் காணத் தெரியாது. நாம் வைத்த இடத்தில் இருப்பதை மட்டும் அது பார்க்கும். அந்தக் கீழ்ப்படிதலே அதன் பலம்.

இயந்திரத்தின் எல்லை

சிங்கிள் பாயிண்டைக் கையாள, அந்தப் புள்ளியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியின் நடுப்பகுதி வழியே இறங்கும் ஒளி, கேமராவின் அடியில் இருக்கும் தனி சென்சாருக்குப் போகிறது. அதனால் புள்ளிகள் பெரும்பாலும் பிரேமின் நடுவில் கூட்டமாக இருக்கும், ஓரங்களுக்குப் போகா. எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. சில புள்ளிகள் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். கிராஸ் டைப் புள்ளிகள் கிடைக்கோட்டையும் நெடுக்கோட்டையும் உணரும். 5டி மார்க் 2இல் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் டைப். 5டி மார்க் 3இன் 61இல் 41. வெள்ளை வேட்டியின் நடுவில் புள்ளியை வைத்தால் கேமரா தடுமாறி லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டும். வேட்டியின் கரையில் வைத்தால் உடனே பிடிக்கும். கோடே இல்லாத இடத்தில் எந்தப் புள்ளியாலும் பார்க்க முடியாது.

மிரர்லெஸ் கேமராக்களில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. சோனி ஏ9இன் புள்ளிகள் பிரேமில் ஏறக்குறைய 93 சதவீதத்தை நிரப்புகின்றன. ஓரத்தில் நிற்பவரையும் அங்கேயே பிடிக்கலாம். இந்த வசதி சிங்கிள் பாயிண்டுக்கும் உண்டு, ஆட்டோ ஏரியாவுக்கும் உண்டு.

துல்லியக் கணக்கு

நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பும் பழக்கம் எவ்வளவு பிழை தரும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். முழு பிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 1.4, ஆள் 1.5 மீட்டரில். கண்ணை நடுவில் பிடித்த பிறகு, அது சென்சாரின் நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளி விழும்படி திருப்பினால் கேமரா ஏறக்குறைய 13.5 டிகிரி சாய்கிறது. கூர்மை விழும் தளமும் அதோடு சாய்ந்து, கண்ணுக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாகப் பின்னால் போய்விடுகிறது. அந்த லென்ஸ் அந்தத் தூரத்தில் தளத்துக்கு முன்னால் கூர்மை காட்டும் ஆழமோ 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. விளைவு: கண்ணுக்குப் பின்னால் இருப்பது தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழும்.

எஃப் 8இல் இந்தப் பிழை தெரியாமலே போய்விடும். அகலத் துளையில் கிட்டே நின்று எடுக்கும்போதுதான் புள்ளியைக் கண்ணின்மேலேயே நகர்த்தி வைப்பது அவசியமாகிறது. நகர்த்துவது விரலா கேமராவா என்பது இங்கே இரண்டாம் பட்சம். கண்ணைத் தானே தேடும் ஆட்டோ முறை பல வேளைகளில் விரலைவிட நுட்பமாகவே இந்த வேலையைச் செய்கிறது.

வேகம்

ஒரே பறவையைக் கொண்டு இரண்டு வழிகளையும் சோதிக்கலாம். வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது. அதற்கும் நமக்கும் இடையே குச்சிகளும் இலைகளும். ஆட்டோ ஏரியா பல வேளைகளில் முன்னால் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொண்டு விடாது. சிறிய சிங்கிள் பாயிண்டைக் குச்சிகளின் சந்தில் நுழைத்து நாரையின் தலையில் வைத்தால் வேலை முடிந்தது.

அதே நாரை சிறகை விரித்துக் கிளம்புகிறது. இப்போது கட்டைவிரல் தோற்கிறது. பறவை பிரேமைக் கடக்கும் வேகத்துக்கு ஜாய்ஸ்டிக்கைத் தள்ள எந்த விரலாலும் முடியாது. சோனி ஏ9 வினாடிக்கு 60 முறை வரை ஃபோகஸைக் கணக்கிடுகிறது. திறந்த வானில் தனியாகப் பறக்கும் பறவையைக் கேமராவிடம் ஒப்படைப்பதே அறிவு.

பிழையின் குணம்

இரண்டு வழிகளும் பிழை செய்யும். ஆனால் அந்தப் பிழைகள் வேறு வேறு. சிங்கிள் பாயிண்டில் தவறினால் காரணம் தெரியும்: புள்ளியை நகர்த்த மறந்தேன், அல்லது தாமதித்தேன். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். பழகப் பழக விரல் தானே போகும். ஆட்டோ ஏரியா தவறும்போது பெரும்பாலும் சத்தமில்லாமல் தவறுகிறது. படம் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் வேறு ஒருவர்மேல். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். தாலி கட்டும் நேரம் திரும்பி வராது. அதனால்தான் திரும்பி வராத தருணங்களில் நான் புள்ளியை என் கையில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டும் சந்திக்கும் இடம்

கேமரா வளர்ந்த வரலாறும் இந்த இரண்டு வழிகளையும் இணைக்கும் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2007இல் நிக்கான் டி3, டி300 கேமராக்களில் வந்த 3டி ட்ராக்கிங் முறையில், நாம் ஒரு புள்ளியை வைத்துத் தொடங்கி வைப்போம். பிறகு நிறத்தை அடையாளமாகக் கொண்டு கேமரா புள்ளிக்குப் புள்ளி தொடரும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் புள்ளியை ஒரு முகத்தின்மேல் வைத்துப் பாதி அழுத்தினால், கேமரா அந்த முகத்தின் கண்ணைப் பிடித்து அவரோடே போகிறது.

இணைக்கும் முயற்சி இவற்றுக்கும் முன்பே தொடங்கியது. 1992இல் பிலிம் கேமராவான ஈஓஎஸ் 5இல், வ்யூஃபைண்டருக்குள் நம் கண் எங்கே பார்க்கிறது என்பதை அகச்சிவப்பு ஒளியால் அறிந்து, இருந்த 5 புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை கேனன் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் மறைந்திருந்த அந்த எண்ணம் 2021இல் டிஜிட்டல் கேமராவான ஈஓஎஸ் ஆர்3இல் திரும்பி வந்தது. அங்கே நம் பார்வை ஆளைக் காட்டுகிறது. கேமரா அவரைத் தொடர்கிறது.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு நான் வந்து சேர்ந்த முடிவும் இதுதான். ‘யார்’ என்பதை நாம் சொல்ல வேண்டும். ‘எங்கே’ என்பதை கேமரா பார்த்துக்கொள்ளட்டும். அசையாத பொருள், கூட்டம், குறுக்கே நிற்கும் தடை, முகமல்லாத கரு ஆகியவற்றுக்கு விரல். தனியாக ஓடுவதற்கும் பறப்பதற்கும் கேமரா. இரண்டும் கலந்த வேளையில், விரல் தொடங்கி வைக்க கேமரா தொடரட்டும்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்வேன். ஒரு மாதம் சிங்கிள் பாயிண்டில் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு முறை புள்ளியை நகர்த்தும்போதும் ‘இந்தப் படம் யாரைப் பற்றியது?’ என்று உங்களையே கேட்டாக வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி பழக்கமான பிறகு கேமராவிடம் பொறுப்பைக் கொடுங்கள். அது பெரியப்பாவின் முகத்துக்குத் தாவும் கணத்தை அப்போது வ்யூஃபைண்டரிலேயே பார்த்துவிடுவீர்கள். முடிச்சு விழுவதற்குள் கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்குக்குப் போயிருக்கும்.