பெண் பேசலும் கைப்பேசியும்

கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்களை மக்கள் 'மாப்பிள்ளை ஆலிம்' என்றே அழைத்தனர். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்த அப்பெருமகனார், கீழக்கரை தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்று, அவர்தம் மகளாரையே மணந்தார். மணமகனைக் குறிக்கும் அரபுச் சொல்லால் 'இமாமுல் அரூஸ்' என்றும் சிறப்பிக்கப்பெற்றார். 1898இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வுறவுப் பெயரே நிலைத்தது. திருமணம் என்பது இருவரை இணைப்பதோடு நில்லாது, ஒரு மனிதரை ஓர் ஊரோடும் பிணைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் கடற்கரையார் வாணிபம் நாடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் போக்குவரத்துப் பெருகியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழியே பயணமும் கடிதமும் நடந்தன. அக்கரையிலிருந்த பிள்ளைக்கு இக்கரையில் பெண் பேசியோர் தகப்பனாரும் மாமாவும் சாச்சாவுமே. இசைவில்லையெனில், 'இப்போது முடிக்கும் எண்ணமில்லை' என்ற மறுமொழி அவர்களிடமே சொல்லப்பட்டது. மறுப்பின் சுமை முதலில் பெரியவர் தோளில் இறங்கியது. இளையவர் காதுக்குப் பல வேளைகளில் அது எட்டுவதேயில்லை.

அதனைக் குறையற்ற காலமென நாம் கூறவில்லை. கடல் கடந்த கணவரை எண்ணி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களின் துயரம் நாம் அறியாததன்று. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே முடிக்கப்பட்ட மணங்களும் உண்டு. மார்க்கமோ அதற்கு இடம் தரவில்லை. தம் விருப்பத்திற்கு மாறாக மணமுடிக்கப்பட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்திருமணத்தைச் செல்லாதாக்கினார்கள். மணம் பேசிய முகீரா (ரலி) அவர்களைப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறும் பணித்தார்கள்.

மறுப்பின் வலி எத்தகையது என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. கணவரை இழந்த தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். சிறிது நாள் எண்ணிப் பார்த்தபின், இப்போது மணக்கும் நினைவில்லை என்று அவர் கூறிவிட்டார். அடுத்து அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்டபோது, அவர் மறுமொழியே சொல்லவில்லை. மறுத்தவர்மீது கொண்டதைவிட, மௌனமாயிருந்தவர்மீதே உமர் (ரலி) அவர்களுக்கு வருத்தம் மிகுந்தது. பின்னர்ப் பெருமானார் (ஸல்) அவர்களே ஹஃப்ஸா (ரலி) அவர்களை மணந்தார்கள். அதன்பின் அபூபக்ர் (ரலி) தாமே வந்து, நபியவர்கள் அம்மணத்தை எண்ணியிருந்ததைத் தாம் அறிந்திருந்ததாகவும், அவ்விரகசியத்தை வெளியிட விரும்பாமலே வாய் திறவாதிருந்ததாகவும் விளக்கினார்கள். மறுப்பைத் தாங்கியவர் மகளல்லர், தந்தை. அவரை அதிகம் வருத்தியதும் 'இல்லை' என்ற சொல்லன்று, சொல்லற்ற மௌனமே.

இன்று அம்மௌனம் இளையோர் கையிலுள்ள பேசிக்குள் வந்துவிட்டது. 1997இல் முருகவேல் ஜானகிராமன் தமிழர்க்கெனத் தொடங்கிய இணையத்தளத்திலிருந்து பாரத் மேட்ரிமோனி வளர்ந்தது. அதிலேனும் பெற்றோர்க்கு இடமிருந்தது. 2012இல் வந்த டிண்டர் முதலிய செயலிகளிலோ, முகப்படத்தை விரலால் ஒதுக்கித் தள்ளினால் போதும். நாள் முழுதும் பேசியவர் ஒரு காலையில் மறுமொழியின்றி மறைந்துவிடுகிறார். ஏனென்று கேட்க மாமாவும் இல்லை, சாச்சாவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 437 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவோரிடையே மன உளைச்சலும் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்பட்டன. செயலியே நோயைத் தந்ததா, நொந்த மனம் செயலியை நாடியதா என்பதை அவ்வாய்வு தீர்மானிக்கவில்லை. தன்மதிப்பு உயர்ந்ததாகக் கூறியோரும் அதில் இருந்தனர். நெதர்லாந்து ஆய்வாளரோ வேறொன்று கண்டனர்: படங்களை அடுத்தடுத்துப் பார்க்கப் பார்க்க, ஒருவரை ஏற்கும் மனம் சராசரியாக 27 விழுக்காடு குறைந்துகொண்டே போயிற்று. ஒதுக்கப்படுவதற்குத் தன் குறையே காரணமென்று மருகும் பிள்ளைகள் இதனை அறிவது நன்று.

இத்துயரைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் வசைதான் கிடைக்குமென அஞ்சுகின்றனர். வீட்டாரும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறைக்கின்றனர். மறைப்பின் விலையை நம் மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 உயிர்கள் மாண்டன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. வெட்கம் என்னும் சங்கிலியை எந்தச் சட்டமும் அறுக்காது. அது குடும்பங்களின் பொறுப்பு.

ஆதலின், உறக்கமும் உணவும் குறைந்து தனித்திருக்கும் பிள்ளையிடம் கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், என்ன நேர்ந்ததென்று கனிவோடு கேட்போம். தேவையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022இல் தொடங்கப்பெற்ற அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. நம் வீட்டுக்கு வரும் சம்பந்தப் பேச்சுக்கு இசைவில்லையெனில், அதனை நல்ல சொல்லால் உடனே சொல்லிவிடும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவோம். முன்னோர் தம் தோளில் ஏற்ற சுமையை இன்றைய பிள்ளை தனியே சுமக்க நாம் விடலாகாது.