கண்ணின் சுழற்சியும் அதனை அளந்தறிந்த முறைகளும்

லால்பேட்டையை அடுத்த வீராணம் ஏரியின் நீர்விளிம்பு தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒரு நேர்கோடாகத் தோன்றும். தலையில் அடிபட்டு நான்காம் மூளை நரம்பு செயலிழந்த ஒருவர்க்கு அது இரண்டாகவும், அவ்விரண்டனுள் ஒன்று சாய்ந்தும் தோன்றுதல் கூடும். கருமணி ஒருபுறம் விலகின் கண்டார் அதனை மாறுகண் என்பர். கண் தன் நடு அச்சினைப் பற்றிச் சுழன்று நிற்பின் எதிரில் அமர்ந்தாரும் அறியார். அச்சுழற்சி அளக்கப்பட்ட வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தலை ஒருபுறம் சாயுங்கால் கண்கள் எதிர்ப்புறம் சிறிது சுழல்கின்றன என 1786இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் எழுதினார். பின்வந்தோர் சிலர் இதனை மறுத்தனர். தலைசாய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கண் சுழலுமாதலின் அம்மறுப்பு வியப்பன்று. ஐயம் நீங்கத் துணைநின்றவருள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் எமில் ஜாவல். ஒரு திசைக் கோடுகள் தெளிந்தும் பிறிதொரு திசைக் கோடுகள் மங்கியும் தோன்றும் குறை அவர்க்கு இருந்தது. அதற்கெனக் குறித்த கோணத்தில் அமைத்த கண்ணாடி, தலை சாய்ந்தவழிப் பயன் குன்றியது. கண்ணாடி தலையோடு முழுதும் சாய, கண் அவ்வாறு சாய்ந்திலது! தம் குறையையே அளவுகோலாக்கிய இவர் பிற்காலத்தில் பார்வையையே இழந்தார்.

தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகளும், நோயாளியர் கண்களைத் தீட்டிய வண்ண ஓவியங்களும் சரசுவதி மகாலில் உள்ளன. அவை கண்ணின் முன்புறத் தோற்றங்களே. உட்புறம் நோக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்தது 1851இல் ஆதலின், அன்று அதற்குமேல் வரைதற்கு வழியில்லை.

மருத்துவ மனையில் இன்று பெரிதும் பயிலும் முறை, ஆங்கிலேயர் எர்னஸ்ட் மேடாக்ஸ் 1890இல் வெளியிட்ட வரிக்கண்ணாடியின் வழி வந்தது. வரிவரியாக வார்த்த அக்கண்ணாடி, ஒளிப்புள்ளியைக் கோடாக்கிக் காட்டும். பாகை குறித்த சட்டத்தில் இரு கண்முன்னும் ஒவ்வொன்றை இட்டால் நோயாளி இரு கோடுகளைக் காண்பார். அவை இணையாகும்வரை ஒன்றைத் திருப்பி, திருப்பிய பாகையைப் படித்துக் கொள்வர். 10 பாகைக்கு மேற்படின் இருபுற நரம்பும் பழுதோ என ஐயுறல் வேண்டும். ஒரு கண்ணாடி சிவப்பும் மற்றது வெண்மையுமாயின், சிவப்புக் கண்ணே சுழன்றதுபோல் விடை பிறழ்தலும் உண்டு. இருபுறமும் ஒரே நிறம் இடுதல் நன்று.

மற்றொரு முறை விழித்திரைப் புகைப்படம். இயல்பான கண்ணில் பார்வை நரம்பு வட்டின் நடுவினும் மையக்குழி சிறிது தாழ்ந்து, ஏறத்தாழ 7 பாகைக் கோணத்தில் நிற்கும். கண் வெளிப்புறம் சுழலின் அக்கோணம் மிகும்.

இவ்விரு முறைகளும் எப்போதும் ஒத்துவருவன அல்ல. பிறவியிலேயே நரம்புத் தளர்ச்சியுடையார்க்குப் படத்தில் சுழற்சி பெரிதாகத் தோன்றவும், அவரோ உலகைச் சாய்வின்றிக் காண்பார். மூளை பழகிக்கொண்டது. அண்மையில் அடிபட்டவர்க்கோ அப்பழக்கம் இல்லை. படம் ஒன்றையே நம்பி அறுவை செய்யின், அதுவரை நேராகக் கண்டவர் சாய்வாகக் காணவும் நேரும். ஆகலின் நோயாளியின் சொல்லையும் கேட்டபின்னரே கத்தி எடுத்தல் தகும் என்பது எம் துணிபு.