மும்பையின் பெயர், தலச்சேரியின் உழைப்பு: நூறாண்டு கண்ட 'கிரேட் பாம்பே சர்க்கஸ்'

பாயான் பாரு – 2020 மார்ச் மாதம் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, தமிழ்நாட்டிலும் ஊரடங்கு தொடங்கியது. அப்போது மன்னார்குடியில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ் குழு, ஆட்டமும் நடத்த முடியாமல் ஊருக்கும் திரும்ப முடியாமல் அங்கேயே சிக்கிக்கொண்டது. டிக்கெட் விற்றால்தான் அன்றைய சாப்பாடு என்பது சர்க்கஸ்காரர்களின் வாழ்க்கை. கலைஞர்களுக்கு மட்டுமல்ல, உடன் இருந்த விலங்குகளுக்கும் தீனி தேட வேண்டிய நிலை.

அந்தக் குழுவின் பெயர் 'கிரேட் பாம்பே சர்க்கஸ்'. 1920-ல் தொடங்கப்பட்ட அதற்கு அது நூறாவது ஆண்டு.

நம்மில் பலருடைய தாத்தா, பாட்டி 'ரஜூலா' கப்பலேறி பினாங்கு வந்தது நாகப்பட்டினத்திலிருந்து. அதற்குப் பக்கத்து ஊர்தான் மன்னார்குடி. அங்கே முடங்கிய கூடாரத்தின் கதை, இந்திய சர்க்கஸின் கதையும்கூட.

42 அடி வட்டம்

நவீன சர்க்கஸ் 1768-ல் லண்டனில் பிறந்தது. குதிரைப் படையில் இருந்த பிலிப் ஆஸ்ட்லி, ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டினார். குதிரை வட்டமாக ஓடும்போது, உள்பக்கம் சாய்ந்து நிற்பவருக்குச் சமநிலை கிடைக்கிறது. வட்டம் சிறிதானால் குதிரை வேகமெடுக்காது. பெரிதானால் அந்தப் பிடிமானம் குறையும். பல முறை முயன்று அவர் கண்ட அளவு 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். இன்றும் உலகெங்கும் சர்க்கஸ் வட்டத்துக்கு இதுவே அடிப்படை அளவு.

இந்தியாவுக்கு இந்தக் கலையை ஐரோப்பியக் குழுக்கள் கொண்டு வந்தன. பம்பாயில் இத்தாலியர் சியாரினியின் காட்சியைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே, நம்மாலும் முடியும் என்று இறங்கினார். அவர் ஒரு சமஸ்தானத்தில் குதிரை பழக்குபவராக இருந்தவர். அவருடைய 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' 1880 மார்ச் 20-ம் தேதி பம்பாயில் முதல் காட்சியை நடத்தியது.

நம் பக்கத்திலும் அக்காலத்தில் சர்க்கஸ் வந்து போனது. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஹார்ம்ஸ்டன் சர்க்கஸ் போன்ற குழுக்கள் கப்பலில் விலங்குகளோடு நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து கூடாரம் போட்டன.

வாத்தியாரின் பயிற்சிக்கூடம்

சத்ரேவின் குழு கேரளத்தின் தலச்சேரிக்கு வந்தபோது ஒரு திருப்பம் ஏற்பட்டது. அங்கே பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். களரிப் பயிற்சியும் பெற்றவர். ஆட்களை நான் பழக்கித் தருகிறேன், நீங்கள் வேலை கொடுங்கள் என்பதே இருவருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு. 1901-ல் தலச்சேரிக்கு அருகே சிறக்கரையில் அவர் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

களரியில் வளைந்து பழகிய உடல், அந்தரத்தில் ஆடும் பாரில் பறந்தது. கயிற்றின் மேல் நடந்தது. தலச்சேரியில் பயின்றவர்கள் இந்தியாவெங்கும் சர்க்கஸ் குழுக்களில் சேர்ந்தார்கள், பிறகு சொந்தமாகவும் குழு நடத்தினார்கள். கீலேரி 'இந்திய சர்க்கஸின் தந்தை' என்று அழைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பாபுராவ் கதம் என்பவர் 1920-ல் தொடங்கிய 'கிராண்ட் பாம்பே சர்க்கஸ்' 1947-ல் தலச்சேரிக்காரர் கைக்கு வந்தது. 'ஒயிட்வே', 'கிரேட் லயன்' ஆகிய இரு குழுக்களை நடத்திய கே.எம். குஞ்ஞிக்கண்ணன், மூன்றையும் இணைத்து 'கிரேட் பாம்பே சர்க்கஸ்' என்று பெயரிட்டார். (இவர் வேறு, ஆசிரியர் கீலேரி வேறு.) பெயர் பம்பாயுடையது, உழைப்பு தலச்சேரியுடையது என்றானது.

1951-ல் எம்.வி. சங்கரன் தொடங்கிய ஜெமினி சர்க்கஸும் இதே மண்ணின் வாரிசு. கீலேரியிடம் பயின்ற சங்கரன், 2023-ல் தமது 98-ம் வயதில் காலமானார்.

புலியும் சிறுவர்களும்

கூட்டத்தை இழுத்தது மனிதர்கள் மட்டுமல்ல. சிங்கம், புலி, கரடி, யானைதான் சுவரொட்டியில் பெரிதாக இருக்கும். ஆனால் சவுக்குக்கும் கூண்டுக்கும் நடுவே அவை பட்ட பாடு மெல்ல வெளியே தெரிந்தது. 1998-ல் இந்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடுவதைத் தடை செய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000-லும், உச்ச நீதிமன்றம் 2001-லும் தடையை உறுதி செய்தன.

அடுத்து, ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைக் கொண்டுவந்து கூடாரத்தில் அடைத்து வைப்பதாக எழுந்த புகார்கள் நீதிமன்றம் சென்றன. 2011-ல் உச்ச நீதிமன்றம் சிறுவர்களை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது.

இரண்டு தீர்ப்புகளும் தேவையானவை. புலியின் வலியிலும் பிள்ளையின் கண்ணீரிலும் நடக்கும் காட்சிக்கு யாரும் கைதட்டக் கூடாது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படவில்லை. பாரில் பறப்பதற்கு உடல் இளமையிலேயே வளைய வேண்டும். அதை முறையாக, பள்ளிப் படிப்போடும் பாதுகாப்போடும் சொல்லித்தர இடம் வேண்டும். கேரள அரசு 2010-ல் தலச்சேரியில் சர்க்கஸ் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கியது; சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. இன்று இந்தியக் கூடாரங்களில் ஆப்பிரிக்கக் கலைஞர்களையும் காண்கிறோம். அவர்கள் வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் நம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

மீண்டும் தொடக்கத்துக்கே

விலங்குகள் போன பிறகு, சர்க்கஸ் தான் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது: மனித உடலின் திறமை. தலச்சேரியில் அதை வளர்த்தது புலியோ யானையோ அல்ல. பள்ளி முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு வாத்தியார்.

நம் ஊர்களில் மாலை நேரத்தில் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்களைப் பார்க்கும்போது இந்த வரலாறு நினைவுக்கு வர வேண்டும். ஒரு கலை அழிவது கூட்டம் குறைவதால் மட்டுமல்ல. அதைக் கற்றுத்தரும் இடம் மூடப்படும்போதும்தான்.