கதவு திறக்க 23 நிமிடங்கள்

விமானம் விழுந்து நொறுங்கி ஆக்கள் சாகிறது எங்களுக்குத் தெரிஞ்ச கதை. பத்திரமாகத் தரையிறங்கி, ஓடிமுடிச்சு நிண்ட விமானத்துக்குள்ள 301 பேர் செத்த கதையும் இருக்கு.

1980 ஆகஸ்ட் 19. கராச்சியிலிருந்து வந்த சவூதியா 163, ரியாத்தில் தரித்து ஜித்தாவுக்குப் புறப்பட்டது. லொக்ஹீட் ட்ரைஸ்டார் ரக விமானம். கிளம்பி ஏழு நிமிடமளவில், பின்பக்கச் சரக்கறையில் புகை என்ற எச்சரிக்கை. விமானி ரியாத்துக்கே திருப்பி, ஒழுங்காக இறக்கினார். ஆனால் உடனே நிறுத்தவில்லை. நிலம் தொட்டு 2 நிமிடம் 40 விநாடி கழிச்சுத்தான் விமானம் நின்றது. அதுக்குப் பிறகும் 3 நிமிடத்துக்கு மேல் இயந்திரங்கள் ஓடின. ஆக்களை வெளியேற்றும் வேலை தொடங்கவே இல்லை. விசாரணை அறிக்கை முதல் பிழையை அங்கேதான் காண்கிறது.

இரண்டாவது பிழை வெளியில் நடந்தது. தீயணைப்பு வாகனங்கள் வந்துதான் இருந்தன. கதவைத் திறக்கத்தான் தெரியேல்ல. அந்த ரக விமானத்தின் கதவு வெளியிலிருந்து எப்பிடித் திறபடும் எண்ட பயிற்சி அவையளுக்குப் போதவில்லை. தேவையான கருவிகளும் போதவில்லை. இயந்திரம் நிறுத்தி 23 நிமிடங்களுக்குப் பிறகுதான், வலப்பக்கத்து இரண்டாவது கதவு திறபட்டது. மூன்று நிமிடத்தில் உள்ளே முழுக்க நெருப்பு. உடல்கள் எல்லாம் விமானத்தின் முன்பாதியிலேயே கிடந்தன. பின்னாலிருந்து வந்த நெருப்புக்கு விலகி, சனம் முன்னுக்கு நெருக்கியிருக்கிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, வந்துபோகும் விமானங்களின் நீளத்தையும் உடல் அகலத்தையும் பார்த்து விமான நிலையங்களின் மீட்பு, தீயணைப்புச் சேவையை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கிறது. 8ஆம் தரத்திலிருந்து குறைஞ்சது மூன்று வாகனங்கள் வேணும். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேரவேணும். இலக்கு 2 நிமிடம். இதெல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடியது. வாகனத்தை எண்ணலாம், தண்ணியை அளக்கலாம், மணிக்கூட்டைப் பார்க்கலாம்.

ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் கேட்கின்றன: அந்த நிலையத்துக்கு வாற விமான ரகங்களுக்கு ஏற்ற பயிற்சி, உண்மையான நெருப்பை மூட்டி அணைக்கும் ஒத்திகை. இதுக்குக் காசும் நேரமும் ஒவ்வொரு வருசமும் போகும். விபத்து நடக்காதவரை, வீண்செலவு மாதிரித்தான் தெரியும். செலவைக் குறைக்கவேணும் எண்டால் முதலில் கை வைக்கிறதும் இதிலதான்.

ரியாத்தில் வாகனம் இருந்தது, ஆக்களும் இருந்தவை. அந்தக் கதவின் பிடியில் ஒருநாளாவது கை வைச்சுப் பழகின ஒருவரை முன்னால அனுப்ப ஆளில்லை.