அடுக்குப் படங்களிலிருந்து முழு உருவம்: மேற்பரப்பு வலையின் வரலாறு

ஒரு பொருளின் உட்பகுதி முழுவதும் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, அதன் வெளித்தோற்றத்தைச் சிறு முக்கோணங்களால் ஆன வலையாகக் கணினியில் அமைப்பதே மேற்பரப்பு வலை உருவாக்கம் ஆகும்.

இதன் தேவை மருத்துவத்தில் எழுந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அது உடலை அடுக்கடுக்கான படங்களாகக் காட்டியது. அப்படங்களின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். காற்றுக்கு -1000, நீருக்கு 0, எலும்புக்கு நூற்றுக்கணக்கிலும் அதற்கு மேலும் வரும். ஆனால் அடுக்குகளைச் சேர்த்து முழு உருவத்தை மருத்துவர் மனத்தில்தான் காண வேண்டியிருந்தது.

1987இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் வில்லியம் லாரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் 'மார்ச்சிங் கியூப்ஸ்' என்னும் முறையை வெளியிட்டனர். அருகருகே உள்ள எட்டு புள்ளிகள் ஒரு கனசதுரத்தின் மூலைகளாகக் கொள்ளப்படும். எலும்புக்கு என ஓர் எல்லை எண்ணைத் தேர்ந்தால், ஒவ்வொரு மூலையும் அதற்கு உள்ளே அல்லது வெளியே அமையும். எனவே 256 நிலைகள் உண்டு. சமச்சீரால் அவை 15 அடிப்படை வடிவங்களாகக் குறைகின்றன. எல்லை 200 ஆகவும், இரு மூலைகள் 100, 300 ஆகவும் இருந்தால், மேற்பரப்பு அவற்றின் நடுவே செல்லும். இவ்வாறு கனசதுரம் கனசதுரமாக முக்கோணங்கள் இணைகின்றன.

சில நிலைகளில் வலையில் ஓட்டை விழும் என்பதை 1988இல் டூர்ஸ்ட் சுட்டிக்காட்டினார். காப்புரிமை 2005இல் முடியும் வரை, அதைத் தவிர்க்க நான்முகிகளைக் கொண்ட மாற்று முறையைப் பலர் கையாண்டனர்.

சி.டி. படங்கள் தொல்லியலுக்கும் உதவுகின்றன. சிவகங்கை மாவட்டம் கீழடியை அடுத்த கொந்தகை, முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஈமக்காடு. அங்குக் கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முப்பரிமாணமாகப் பதிவு செய்தது. அதிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின.

அம்முகங்களைக் காண்போர் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். எலும்பின் வடிவம் அளவீட்டிலிருந்து வருவது. அதிலும் எல்லை எண்ணைத் தேர்வது மனிதரே. தசையும் தோலும் உடற்கூற்றியல் சார்ந்த மதிப்பீடு. தோலின் நிறமோ எலும்பின் வடிவத்தில் இல்லவே இல்லை. ஆகவே அம்முகம் ஆதாரத்தை ஒட்டிய ஊகமே, ஒளிப்படம் அன்று.