ஆயர்ஸ்டெட்டில் ஒளிந்திருக்கும் நான்கு பை: காந்த அலகு மாற்றத்தின் வரலாறு

ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ். இந்த மாற்றத்துக்குத் தசமப் புள்ளியை நகர்த்தினால் போதும். ஓர் ஆயர்ஸ்டெட்டோ மீட்டருக்கு 79.577 ஆம்பியர். ஆயிரத்தை நான்கு பையால் (4π) வகுத்தால் வரும் எண் இது. இதை இயற்கையும் தரவில்லை, எந்தச் சோதனையும் தரவில்லை. அலகுக் குழுக்கள் எடுத்த முடிவுகளின் எச்சம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காந்தப்புலத்தை நீளம், நிறை, காலம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அளக்க முடியும் என்று 1832இல் கணிதவியலாளர் காஸ் காட்டினார். அதுவரை ஓரிடத்துப் புலத்தை இன்னோர் இடத்துப் புலத்தோடு ஒப்பிட மட்டுமே முடிந்தது. மில்லிமீட்டர், மில்லிகிராம், வினாடி அடிப்படையில் கோட்டிங்கன் நகரின் கிடைத்தளக் கூறுக்கு அவர் கண்ட மதிப்பு சுமார் 1.78. பின்னாளில் அவர் பெயரையே பெற்ற அலகில் அது 0.178, இன்றைய கணக்கில் 17.8 மைக்ரோடெஸ்லா.

காஸ் எதன் அலகு என்ற குழப்பத்தின் வேர் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் மின்னியல் மாநாட்டில் இருக்கிறது. காஸ் என்ற பெயரை அம்மாநாடு காந்தமாக்கு புலத்துக்கு (எச்) வழங்கியது. அமெரிக்கப் பொறியாளர்களோ அதைக் காந்தப் பாய அடர்த்திக்கு (பி) உரியதாகக் கொண்டு பயன்படுத்தினர். சென்டிமீட்டர்–கிராம்–வினாடி முறையில் வெற்றிடத்தில் இரண்டின் எண்மதிப்பும் ஒன்றே. ஆகவே காற்றில் அளந்தவரைத் தவறு வெளிப்படவில்லை. இரும்புக்குள் நிலைமை வேறு: சில ஆயர்ஸ்டெட் புலமே பல்லாயிரம் காஸ் அடர்த்தியை எழுப்பிவிடும். 1930இல்தான் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் பி-க்குக் காஸ், எச்-க்கு ஆயர்ஸ்டெட் என்று பிரித்து வைத்தது. முப்பது ஆண்டு இரட்டை வழக்கு ஓர் ஆணையால் மறைந்துவிடுமா? காற்றில் எடுத்த எச் அளவைக் காஸில் குறிக்கும் பழக்கம் இன்றும் உண்டு.

இதற்கிடையே சமன்பாடுகளில் நான்கு பையை எங்கே வைப்பது என்ற வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது. கோளச் சமச்சீர் இருக்கும் இடத்தில் அது வரட்டும், நேரான கம்பிச்சுருளில் அதற்கு என்ன வேலை என்பது பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெவிசைடின் கேள்வி. இத்தாலியப் பொறியாளர் ஜியோர்ஜி 1901இல் மீட்டர், கிலோகிராம், வினாடியோடு ஒரு மின் அலகையும் சேர்த்து, நான்கு பையை வெற்றிட உட்புகுதிறனுக்குள் தள்ளிவிட்டார். பார்வைக்கு இது சிறிய இடமாற்றம். ஆனால், சுருளின் உட்புலத்தைச் சுற்றுகளையும் மின்னோட்டத்தையும் பெருக்கி நீளத்தால் வகுத்துச் சொல்லும் எளிமை பொறியாளருக்குக் கிடைத்தது இதனால்தான். 79.577 அந்த எளிமைக்குக் கொடுத்த விலை. டெஸ்லா என்ற பெயர் 1960இல் பன்னாட்டு அலகு முறையோடு அதிகாரபூர்வமானது.

நிரந்தரக் காந்தத் தொழில் முழுதாக மாறவே இல்லை. நியோடிமியம் காந்தத்தின் ‘என்42’ தரத்தில் உள்ள 42, மெகாகாஸ்-ஆயர்ஸ்டெட்டில் சொன்ன பெரும ஆற்றல் பெருக்கம். கனமீட்டருக்குச் சுமார் 334 கிலோஜூல். அதே அட்டவணையில் 12 கிலோ-ஆயர்ஸ்டெட் காந்தநீக்குத்திறன் என்றிருந்தால், மீட்டருக்கு 955 கிலோஆம்பியர் என்று படிக்க வேண்டும்.

உண்மையான பொறி காந்தமாகும் செறிவில் உள்ளது. தெவிட்டிய இரும்புக்குப் பழைய முறையில் அது கனசென்டிமீட்டருக்குச் சுமார் 1,710 மின்காந்த அலகு. புதிய முறையில் மீட்டருக்கு 17.1 இலட்சம் ஆம்பியர். இங்கே ஆயிரத்தால் பெருக்கினாலே போதும், நான்கு பை தேவையில்லை. அதே பொருளைக் காஸில் 21,500 என்று குறிப்பவர்கள் நான்கு பையை முன்பே பெருக்கிவிட்டவர்கள். இரண்டில் எது தரப்பட்டுள்ளது என்று பார்க்காமல் மாற்றினால் விடை பன்னிரண்டரை மடங்கு பிசகும்.

2019இல் ஆம்பியர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து மறுவரையறை செய்யப்பட்டபோது, வெற்றிட உட்புகுதிறன் வரையறுத்த எண்ணாக இல்லாமல் அளந்தறிய வேண்டிய எண்ணாகிவிட்டது. எனவே காஸுக்கும் டெஸ்லாவுக்கும் உள்ள அந்த 10,000கூட, கண்டிப்பாகப் பார்த்தால், இனி ஓர் அளவீட்டைச் சார்ந்தது. பிசகு பத்தாவது இலக்கத்தை ஒட்டியே வரும். மோட்டார் வடிவமைப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல.