காப்பாட்சியர் எங்கே படித்தார்?

புதியம்புத்தூரில் தையல் பழக வரும் பையனுக்கு முதல் நாளே மெஷின் கிடைக்காது. பிசிறு வெட்ட வேண்டும், பட்டன் வைக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும். காஜா பையனாகச் சில மாதம் ஓடிய பிறகுதான் ஒரு துணியைத் தொட்டவுடன் இது எந்த ரகம், எத்தனை தண்ணீருக்குத் தாங்கும் என்று விரல் சொல்லும். ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்திலும் இப்படிக் காஜா பையன்கள் உண்டு! அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அருங்காட்சியகத்தில் சிலைகளையும் ஓவியங்களையும் பொறுப்பேற்றுப் பார்ப்பவரைத் தமிழில் 'காப்பாட்சியர்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. பூட்டிக் காப்பதற்கு வாட்ச்மேன் போதும். இது என்ன பொருள், எந்த நூற்றாண்டு, எந்த ஊரிலிருந்து யார் கை வழியாக வந்தது என்று சொல்லத் தெரிந்தவரே காப்பாட்சியர். இந்தப் படிப்பைக் கல்லூரி முடித்த இளைஞர் எங்கே படிப்பது?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் பால் சாக்ஸ். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. வங்கியை விட்டுவிட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தார். 1921-ல் அங்கே ஒரு வகுப்பைத் தொடங்கினார். கரும்பலகையோடு நிற்காமல், பொருளையே மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்ன வகுப்பு அது. 1948 வரை நடந்தது. அந்த வகுப்பில் படித்த ஆல்ஃபிரட் பார், 1929-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானபோது அவருக்கு வயது 27. இன்று பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் இளம் ஆய்வாளர்களுக்கு ஓரிரு ஆண்டு உதவித்தொகை கொடுத்து, காப்பாட்சியர் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களே, அதற்கெல்லாம் மூதாதை இந்த வகுப்புதான் எனலாம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகம் 1937-ல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் திறந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதுவே முதலாவது. பரோடாவில் 1952-ல் அருங்காட்சியகவியலுக்குத் தனித் துறையே வந்தது.

சரி, சென்னை? எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் பிறந்தது, ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தைவிட மூத்தது. ஆனால் அது அரசு அலுவலகம், பல்கலைக்கழகம் அல்ல. அங்கே சேர்ந்த இளைஞருக்கு வகுப்பும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கிடைத்தது ஒரு மேசையும் ஒரு கிடங்கும்தான். அந்தக் கிடங்கே வகுப்பாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை!

அந்தக் கிடங்கு நிறைந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1878-ல் வெள்ளைக்காரன் காலத்தில் புதையல் சட்டம் வந்தது. உழும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ பூமிக்குள்ளிருந்து ஏதாவது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்கள் புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் இப்படி ஒவ்வொன்றாக வெளியே வந்து எழும்பூருக்கு ரயிலேறின. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856-லிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. சிலைகள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் தேதியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. சோழர் காலமா, விஜயநகரக் காலமா, யார் சொல்வது?

அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப்.எச். கிரேவ்லி. அவருடைய சொந்தத் துறை என்ன தெரியுமா? சிலந்தி! எட்டுக்கால் பூச்சிகளை ஆராய்ந்த விலங்கியலாளர். அவரும் டி.என். ராமச்சந்திரன் என்ற இளைஞரும் சேர்ந்து அருங்காட்சியகத்தின் இந்துச் செப்புப் படிமங்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்து 1932-ல் வெளியிட்டார்கள். பூச்சியை இனம் பிரிப்பதுபோல, நகை, இடைக்கட்டு, தலைக்குப் பின்னாலுள்ள சக்கரம் என்று உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டார்கள். அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதை ஒட்டி. நாகப்பட்டினப் படிமங்களைப் பற்றிய புத்தகத்தையும் பின்னாளில், 1954-ல், அவரே எழுதினார். அதே அருங்காட்சியகத்தில் சமஸ்கிருதம் படித்துவிட்டு வந்து சேர்ந்த சி. சிவராமமூர்த்தி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றிய பெரிய நூலை 1942-ல் கொண்டுவந்தார். அவர் பிறந்தது 1909. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவர் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் வரை உயர்ந்தார்.

பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த வேலையின் மதிப்பு என்ன என்பது 1980-களில் லண்டன் கோர்ட்டில் தெரிந்தது.

1959-ல் எழும்பூரில் இன்னொரு இளைஞர் காப்பாட்சியராகச் சேர்ந்தார். பெயர் இரா. நாகசாமி, வயது 29. 1963 வரை அந்தப் பணி. 1966-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநரானார். கொற்கையும் பாஞ்சாலங்குறிச்சியும் 1968-69-ல் தோண்டப்பட்டது அந்தத் துறையின் ஆரம்ப நாட்களில்தான்.

1976-ல் தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற சிற்றூரில், இடிந்த சிவன் கோயிலருகே மண் தோண்டிய கூலித் தொழிலாளிக்கு ஒரு நடராசர் கிடைத்தார். புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போக வேண்டியவர், கை மாறிக் கை மாறி 1982-ல் லண்டனில் ஒரு கனடா கம்பெனிக்கு விற்கப்பட்டார். சுத்தம் செய்ய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்த இடத்தில் போலீஸ் பிடித்தது. வழக்கு வந்தது. கம்பெனி கேட்டது நியாயமான கேள்விதான்: இந்த நடராசர் அந்த நடராசர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பத்தூரில் அவரை யாரும் போட்டோ எடுத்து வைத்திருக்கவில்லையே!

அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்ற படிமங்கள் இருந்தன. நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். இந்த நடராசரையும் அந்தப் படிமங்களையும் அணிகலன், வார்ப்பு முறை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட விவாதத்துக்கு வந்தன. எதிர்த்தரப்பிலும் பெரிய நிபுணர்கள் இருந்தார்கள். 1988-ல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. இடிந்த கோயிலும் வழக்காட உரிமையுள்ள ஒரு 'நபர்' என்பதை ஆங்கிலேயக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. நடராசர் அதே ஆண்டு தாயகம் திரும்பினார். கிரேவ்லியும் ராமச்சந்திரனும் சிலந்திக் கணக்காய்ப் போட்ட ஒப்பீட்டு முறைதான் கடல் தாண்டிப் போய் வாதாடியது என்றால் மிகையாகாது.

பல்கலைக்கழக அருங்காட்சியகமே கூண்டில் நின்ற கதையும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் லண்டன் ஏலத்தில் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. 2019-ல் வெளி ஆய்வாளர் ஒருவர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணத்தில் 1957-ல் எடுத்த ஒரு படத்தைச் சுட்டிக்காட்டினார். அதே ஆழ்வார், கும்பகோணம் பக்கம் சுந்தரபெருமாள் கோயிலில்! பல்கலைக்கழக மன்றம் 2024-ல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்தப் பொருள் அங்கே இருந்தும், யாராவது ஓர் இளம் காப்பாட்சியரைப் புதுச்சேரிக்கு அனுப்பி ஆல்பத்தைப் புரட்டச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ரயில் டிக்கெட் செலவு!

கரிசல் பக்கத்துக்குத் திரும்பினால், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார், எடுத்தது பெர்லினுக்குப் போனது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார், எடுத்தது எழும்பூருக்குப் போனது. பத்தாண்டுக்குள் பட்டியலும் போட்டுவிட்டார், 1915-ல் அச்சில் வந்தது. 2004, 2005-ல் மீண்டும் தோண்டி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அதன் முழு அறிக்கைக்காகவோ பதினைந்து ஆண்டு காத்திருந்து, விவகாரம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. தாழி எடுக்க ஆள் இருந்தது, உட்கார்ந்து எழுத ஆள் போதவில்லை.

2023 ஆகஸ்டில் அங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். புதியம்புத்தூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பக்கம் பஸ் ஏறினால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.